ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு வீட்டில் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் பதவி உயர்வு வந்தது. அதிலிருந்து எதிலும் மனசு நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. தேதியை இரண்டு முறை தவறவிட்டேன். ரீல்ஸில் ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல், துறுதுறுப்புக் கோளாறு) பற்றிச் சொல்வதெல்லாம் எனக்கே சொன்னதுபோல் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த கேள்வித்தாளில் 6-க்கு 5 வந்தது. "என் மாத்திரையில் ஒன்று போட்டுப் பார், சரியானால் உனக்கும் அதுதான்" என்கிறாள் தோழி. "உனக்கு ஓய்வு இல்லை, அவ்வளவுதான்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: மாத்திரை வாங்கி வைத்திருந்தால் முதலில் அதைத் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் ஏ.டி.எச்.டி. இல்லாதவருக்கும் சில மணி நேரம் விழிப்பைக் கூட்டும். ஆகவே 'போட்டேன், வேலை ஓடியது' என்பது எதற்கும் சாட்சி ஆகாது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும், பசியும் தூக்கமும் கெடும் என்பது வேறு.

அடுத்து அந்த 5. நீங்கள் நிரப்பியது அநேகமாக உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஏ.எஸ்.ஆர்.எஸ். கேள்வித்தாளின் முதல் பகுதி. அதில் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் 'மருத்துவரிடம் முறையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது கேட்பதே கடந்த 6 மாதத்தைப் பற்றித்தான். ஒரு வருடமாக வேலையில் வெந்துகொண்டிருப்பவரும் அதில் தாராளமாக 5 வாங்குவார்.

ஏ.டி.எச்.டி. என்பது நடுவயதில் புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதல்ல. 12 வயதுக்கு முன்பே அதன் அடையாளங்கள் சில இருந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டுமல்லாமல், வீடு, வண்டி, வங்கிக் கணக்கு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். உங்கள் கணவர் சொல்வது பர்ன் அவுட், அதாவது வேலையால் வெந்து களைத்துப்போவது. அதை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே சேர்க்கவில்லை. வேலையிடத்து நெருக்கடி தீராமல் நீடிப்பதால் வரும் நிலை என்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம்.

ஒரே ஒரு மெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பர்ன் அவுட்டில் அதைப் படிப்பீர்கள், புரியும், பதிலும் தெரியும். 'போட்டு என்ன ஆகப்போகிறது' என்று கை எழாது. ஏ.டி.எச்.டி.யில் பதிலைத் தட்டத் தொடங்கியிருப்பீர்கள். இரண்டாவது வரியில் ஒரு இன்வாய்ஸ் எண் வரும். அதைத் தேடப் போன இடத்தில் பழைய ஃபைல் ஒன்று கண்ணில் படும், அதைச் சரிசெய்ய உட்கார்ந்துவிடுவீர்கள். மாலையில் பார்த்தால் அரைகுறை மெயில் அப்படியே திறந்து கிடக்கும். உங்களுக்கு நடப்பது எது? கடிதத்தில் அதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

'பதவி உயர்வுக்குப் பிறகுதானே வந்தது, அப்படியானால் பர்ன் அவுட்' என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். பலரும் சறுக்கும் இடம் இது. துறுதுறுப்பு இல்லாமல் கவனம் மட்டும் சிதறும் பெண்பிள்ளைகளை 'கனவுலேயே இருக்கிறாள்' என்று சொல்லிப் பள்ளியில் விட்டுவிடுவார்கள். எழுப்பிவிட அம்மா, நினைவூட்ட ஹாஸ்டல் மணி, வேலையில் மேலதிகாரி கொடுக்கும் பட்டியல் என்று வெளியிலிருந்து ஏதாவது ஒன்று தாங்கிப் பிடித்திருக்கும். பட்டியல் போடும் பொறுப்பே தன் தலையில் விழும்போதுதான் ஏ.டி.எச்.டி. வெளிச்சத்துக்கு வரும். அப்படி வருடக்கணக்கில் இரட்டிப்பு உழைப்பில் சமாளித்தவர்களுக்குக் கூடவே பர்ன் அவுட்டும் வந்துவிடுகிறது. எனவே உங்களுக்கு இரண்டுமே இருக்கலாம்.

அதனால் இப்போதைய தடுமாற்றத்தைவிடப் பழைய கதைதான் முக்கியம். ஐந்தாம், ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டு இருந்தால் மார்க்கை விடுங்கள், ஆசிரியர் குறிப்பைப் பாருங்கள். அம்மாவிடம் "நான் சின்ன வயசில் எப்படிம்மா?" என்றால் "தங்கமான பிள்ளை" என்றுதான் வரும். "டிபன் பாக்ஸை எத்தனை தடவை தொலைச்சேன்? ஹோம்வொர்க் முடிக்க நீ பக்கத்திலேயே உட்காரணுமா?" என்று கேளுங்கள். கூடவே 2 வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தூங்கிய நேரம், விழித்த நேரம், எது தவறியது, எந்த இடத்தில். ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பில் பால் பொங்குகிறதா, லீவில் நாலைந்து நாள் ஊருக்குப் போனால் தெளிகிறதா என்பதைத் தனியாகக் குறியுங்கள். லீவில் லேசாகித் திங்கட்கிழமையை நினைத்தாலே வயிறு கலங்கினால் வேலையின் பக்கம் சாய்கிறது. சாவி லீவிலும் தொலைந்தால் கதை வேறு.

மருத்துவரிடம் போகும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிடுங்கள். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமென்றால் ஃபெரிட்டினை விடவே கூடாது. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் இதே வேடம் போடும். குறட்டையால் தூக்கம் கெடுகிறதா என்று கணவரைக் கேளுங்கள். பிடித்த விஷயங்களும் சேர்ந்து ருசிக்காமல் போயிருந்தால் மனச்சோர்வு நோயையும் பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸுக்கு உடனே பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ரேங்க் கார்டு, நோட்டு, ரிப்போர்ட் மூன்றோடும் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 'மூளை மேப்பிங் பேக்கேஜ்' என்று யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். சிறுவயதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பத்து நிமிடத்தில் சீட்டு எழுதுபவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படுவது. வீடியோ ஆலோசனையில் அதை எழுதித்தரச் சட்டம் அனுமதிப்பதில்லை. மருந்துக்கடைக்காரரும் சீட்டின் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்வார்.

அதுவரை வேலையை விடும் முடிவு வேண்டாம். அலுவலகத்தில் "எனக்கு பர்ன் அவுட்" என்று சொன்னால் "ரெண்டு நாள் லீவு எடுங்க" என்பதோடு முடிந்துவிடும். "மாதக் கடைசி 5 நாளும் வெண்டர் மெயில்களை வேறொருவர் பார்க்கட்டும், ஜி.எஸ்.டி. தேதியை இரண்டு பேர் காலண்டரில் போடுவோம்" என்று கேட்டுப் பாருங்கள். எது வந்திருந்தாலும் இந்த இரண்டும் உதவும்.