மீட்டிங் முடிஞ்சா யாருமே இல்லாத மாதிரி இருக்கு

கேள்வி: அக்கா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. டீம்ல ஒன்பது பேர், எல்லாருக்கும் வீட்டுலேர்ந்துதான் வேலை. வேலை நல்லாத்தான் போகுது, ஆனா யாரையுமே சரியா தெரியாது. வெள்ளிக்கிழமை ஃபன் கால்னு வைக்கிறாங்க, பாதி பேர் கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க. போன மாசம் ஒருத்தர் வேலைய விட்டுட்டாரு, அதுவே எனக்கு மூணு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. மனசு கேக்கல. நான்தான் பழகத் தெரியாதவளா?
- பேர் வேண்டாம்

பதில்: இல்லவே இல்லம்மா, அந்த நெனப்ப மொதல்ல விடுங்க. ஒரே கட்டடத்துல இருக்கறவங்களே சீட் தள்ளிப் போனா பேச்சு கொறஞ்சிடும், அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் இன்ஜினியர்கள வச்சு இத அளந்து 1977ல எழுதினாரு, 50 மீட்டர் தாண்டினாலே பேச்சு ரொம்ப அபூர்வமாயிடுதாம். நீங்க ஆளுக்கொரு வீட்டுல இருக்கீங்க, அப்ப பழக்கம் தானா வரும்னு காத்திருந்தா வராது, யாராவது ஒருத்தர் கைய நீட்டணும், அது நீங்களா இருக்கட்டுமே.

ஃபன் கால்ல ஏன் ஒட்டலன்னா, ஒன்பது பேர் ஒரு மேசையச் சுத்தி உக்காந்தா பேச்சு தானா ரெண்டு மூணா பிரிஞ்சிடும், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட மெதுவா ஏதாவது சொல்லிக்கலாம். கால்ல அது முடியாது, ஒருத்தர் பேசினா எட்டு பேர் கேட்டுட்டே இருக்கணும், கூச்சப்படுறவங்க வாயே தொறக்க மாட்டாங்க. அதனால கூட்டத்த விட்டுடுங்க, ஒரு ஆளப் புடிங்க. "இந்த ரிப்போர்ட் எனக்குப் புரியல, ஒரு இருபது நிமிஷம் கூட இருக்கீங்களா"ன்னு கேளுங்க, சும்மா பேசலாமான்னு கூப்பிட்டா தயங்குறவங்ககூட உதவின்னு கேட்டா வருவாங்க. ஸ்க்ரீன ஷேர் பண்ணிட்டு, மைக்க ஆஃப் பண்ணாம வேலையப் பாருங்க. கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேக்கும், நடுவுல அவங்க "ஒரு நிமிஷம், பாப்பா எழுந்துட்டா"ன்னு ஓடுவாங்க, திரும்பி வந்து "ரெண்டு நாளா ஜுரம், ராத்திரி தூங்கவே இல்ல"ன்னு சொல்லுவாங்க. நட்பு அங்கதான் மொளைக்கும். அத மனசுல வச்சிருந்து அடுத்த வாரம் "பாப்பாக்கு இப்ப எப்படி இருக்கு"ன்னு மறக்காம கேளுங்க.

எல்லாத்துக்கும் வீடியோவும் வேண்டாம், நம்ம மூஞ்சிய நாமளே பாத்துக்கிட்டு ஒரே எடத்துல உக்காந்திருக்கறதே பெரிய அலுப்பு. போன்ல பேசிட்டே நடங்க.

மேனேஜர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். யாராவது கெளம்பினா டீமுக்கு அன்னைக்கே தெரியணும், வழியனுப்ப பத்து நிமிஷம் ஒதுக்கணும். ஒரு ஆள் சத்தமில்லாம காணாமப் போனா மிச்சம் இருக்கறவங்களுக்கு, நாளைக்கு நாம போனாலும் இப்படித்தானேன்னு தோணிடும். இதக் கேக்க நீங்க தயங்கவே வேண்டாம்.

போன மாசம் போனவர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கும். "சொல்லிக்காம போயிட்டீங்க, புது எடம் எப்படி இருக்கு"ன்னு இன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்கம்மா.