மின்பாதைக்காக வெட்டிய தென்னை, மருந்தில் சுருண்ட பருத்தி

கேள்வி: எங்கள் நிலத்தின் மேல் 110 கேவி (கிலோவோல்ட்) மின்பாதை போகிறது. போன மாதம் பராமரிப்புக்கு வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஆறு தென்னைகளை வெட்டினார்கள். கோபுரத்தடியில் களைக்கொல்லியும் அடித்தார்கள். பக்கத்துப் பருத்தி சுருண்டுவிட்டது. கேட்டால் “எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது” என்கிறார்கள். இழப்பீடு கிடைக்குமா?

பதில்: அதிகாரம் இருப்பது உண்மைதான். ஆனால் மரத்துக்கு உள்ள சட்டம் வேறு, மருந்துக்கு உள்ள சட்டம் வேறு.

முதலில் தென்னை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 68(5)-இன்படி, கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற மின் நிறுவனம் நிர்வாக நடுவரிடம் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட், அல்லது அரசு குறிப்பிட்ட அதிகாரியிடம்) விண்ணப்பிக்க வேண்டும். அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். கம்பி இழுக்கும் முன்பே நின்ற மரமென்றால் இழப்பீடு தரச் சொல்ல 68(6) இடம் தருகிறது. பின்னால் நட்டதென்றால் இந்தப் பிரிவு உதவாது. புதர், வேலிச்செடியும் இங்கே ‘மரம்’தான்.

அதே சட்டத்தின் பிரிவு 164-இன்கீழ், பழைய தந்திச் சட்டம் தந்தி நிறுவனத்துக்குத் தந்த அதிகாரங்களைப் பெற்ற மின் நிறுவனம் என்றால் நடைமுறை மாறும். அப்போது சேதத்தைக் குறைவாகச் செய்யவும், முழு இழப்பீடு தரவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். தொகை போதவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். ‘தந்திச் சட்டம்தான் போய்விட்டதே’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் மின்பாதைகளுக்காகத் தந்திச் சட்டத்தின் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

ஆக, எது முந்தியது, மரமா கம்பியா என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. அடங்கல் (கிராமக் கணக்கில் உள்ள பயிர்ப் பதிவு), பழைய செயற்கைக்கோள் படம் இரண்டையும் எடுத்து வையுங்கள். தென்னையில் ஆண்டு வளையம் கிடையாது. தண்டில் மட்டை விழுந்த தழும்புகளை வைத்துத்தான் வயதைக் கணிப்பார்கள். அதனால் வெட்டிய தண்டுகளை இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள்.

பருத்திக்கு வருவோம். கம்பியடியைச் சுத்தம் செய்யும் அதிகாரம் உங்கள் பயிரைக் கெடுக்கும் அதிகாரம் ஆகாது. இது கவனக்குறைவால் வந்த சேதம். 2,4-டி வகைக் களைக்கொல்லியின் சாரல் பட்டாலே பருத்தி இலை குறுகி, விரல்போல நீண்டுவிடும். எந்த மருந்து என்று எழுத்தில் கேளுங்கள். சரி, ஆதாரம்? வேளாண் அலுவலரை அழைத்து உடனே வயலைக் காட்டுங்கள். தளிர் புதிதாக வந்தபின் காட்டிப் பயன் குறைவு. ‘அடித்தது ஒப்பந்ததாரர், நாங்கள் இல்லை’ என்று நிறுவனம் கைகழுவப் பார்க்கும். அதனால் இருவருக்குமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். சட்டப்படி செய்த வேலையென்று அவர்கள் வாதிட்டால், வழக்குப் போடும் கெடுவைச் சொல்லும் காலவரையறைச் சட்டத்தின் 72-ஆம் இனம் ஒரே ஓர் ஆண்டுதான் தருகிறது. கணக்கு அவர்கள் வந்துபோன நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது.