பல ஃபைல்களை ஒரே ஆர்க்கைவாகக் கட்டும் குனு டார் மென்பொருள் தன் டிஃபால்ட் வடிவத்தைப் போசிக்ஸ் என்ற பொதுத் தர வடிவத்துக்கு மாற்றப்போகிறதாமே, நான் இப்போதே மாறலாமா? பழைய பேக்கப் திறக்குமா?

பழைய ஆர்க்கைவ்கள் பற்றிக் கவலையே வேண்டாம். பிரிக்கும்போது எந்த வடிவம் என்பதைக் குனு டார் தானே கண்டுகொள்ளும். வருங்காலப் பதிப்பு ஒன்றில் டிஃபால்ட் போசிக்ஸ் ஆகும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல், ஃபார்மட் ஆப்ஷனில் போசிக்ஸ் என்று கொடுத்து இன்றைக்கே மாறிவிடுங்கள். உங்கள் ஃபைல் பெயர்கள் தமிழில் இருந்தால் கட்டாயம் மாறுங்கள்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துப் பதிவுகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். ஊர், திருவிழா, வாத்தியார் பெயர், ஆண்டு எல்லாம் ஃபைல் பெயரிலேயே இருக்கும். பேக்கப் அமைத்துக் கொடுத்தவர், எல்லா இடத்திலும் திறக்கும் என்று 1988 போசிக்ஸ் தரத்தின் பழைய யூஸ்டார் வடிவத்தை வைத்துவிட்டார். அதில் பாதைக்கு, அதாவது ஃபைல் இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களுக்கு, தனியாக 155 பைட் உண்டு. ஆனால் கடைசியில் வரும் ஃபைல் பெயர் 100 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யூட்டிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) 'திருநெல்வேலி' என்ற ஊர்ப் பெயருக்கு மட்டும் 36 பைட் போய்விடும்! மிச்சத்தில் வாத்தியார் பெயரை எங்கே வைப்பது? பெயர் நீளம், சேர்க்கவில்லை என்று டார் ஒவ்வொரு ஃபைலுக்கும் சொல்லியிருக்கிறது. அவர் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த எச்சரிக்கைகளை யார் கண்ணிலும் படாமல் தூக்கி எறிந்திருக்கிறது. டிஸ்க் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு வாத்தியாரின் பதிவுகள் மொத்தமும் இல்லை. அவரும் இப்போது உயிரோடு இல்லை.

பேக்கப் அமைத்தவரைக் கேட்டதற்கு, "இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கலாமே சார்" என்றார். விண்ணப்பத்தோடு ஸ்கேன் காப்பி ஏற்றும் இணையதளங்களும் இதையேதான் செய்கின்றன. தமிழ்ப் பெயரைக் கண்டால் 'சிறப்புக் குறியீடு அனுமதியில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். நம் எழுத்து எப்போது சிறப்புக் குறியீடு ஆனது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குனு வடிவமே நீளப் பெயரைத் தாங்குமே என்று சிலர் வருவார்கள். தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது குனுவின் சொந்த ஏற்பாடு; பெயர் எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று அதில் குறிப்பே கிடையாது. நான் மாறச் சொல்லும் போசிக்ஸ் என்பது 2001 போசிக்ஸின் பேக்ஸ் வடிவம்; அது பெயரை யூட்டிஎஃப்-8 ஆகவே எழுதச் சொல்கிறது. யூஸ்டாரின் 8 ஜிபி ஃபைல் வரம்பும் அதில் இல்லை. பைத்தான் நிரலாக்க மொழிகூட 3.8 பதிப்பிலிருந்து பேக்ஸையே டிஃபால்ட் ஆக்கிவிட்டது.

ஃபைலுக்கு ஒரு கேபி அளவு கூடுதலாகும். வீடியோ வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மிகப் பழைய டாரில் பிரித்தால் பேக்ஸ்ஹெடர்ஸ் என்ற பெயரில் சில சின்ன ஃபைல்கள் கூடவே வந்து விழும். நீளமான பெயர்கள் அங்கே வெட்டுப்பட்டு வரலாம்; முழுப் பெயர் அந்தச் சின்ன ஃபைல்களில்தான் இருக்கும். அதனால் அவற்றை அழிக்காமல், பேக்ஸ் தெரிந்த புது டாரில் பிரித்துக்கொள்ளுங்கள்.