டிடெக்‌ஷன் என்பதைக் 'கண்டுபிடிப்பு' என்று எழுதலாமா?

டிடெக்‌ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள், கண்டுபிடிப்பு என்று எழுதினால் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். புரியும், ஆனால் குழப்பும். நான் 'கண்டறிதல்' என்றே எழுதுவேன்.

கண்டுபிடிப்பு என்ற ஒரே சொல்லின் தலையில் நாம் நிறைய வேலைகளை ஏற்றி வைத்திருக்கிறோம். எடிசன் 1877-ல் உருவாக்கிய ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியும் கண்டுபிடிப்பு, வானியலாளர் ஹெர்ஷல் 1781-ல் யுரேனஸ் கோளைப் பார்த்ததும் கண்டுபிடிப்பு. டிடெக்‌ஷன் வேறு. ஒன்று மறைந்து இருக்கிறது. தடயத்தை வைத்து அது இருப்பதை அறிகிறோம். விண்வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளான ஈர்ப்பலைகளைப் பற்றி ஐன்ஸ்டைன் 1916-லேயே எழுதிவிட்டார். அந்த அலைகளை உணர்வதற்காகவே அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவிகளில் அவை சிக்கியது 2015 செப்டம்பர் 14-ல். அதைக் கண்டறிந்தார்கள் என்பதே பொருத்தம்.

இலத்தீன் வேரைப் பார்த்தால், மூடியிருப்பதை விலக்குவது என்று வருகிறது. போலீஸ் விஷயத்தில் 'துப்புத் துலக்குதல்' என்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இதேதான். கரி படிந்த பாத்திரத்தைத் துலக்கினால் உள்ளே இருக்கும் பித்தளை தெரிகிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் குற்றத்துக்குத்தான் பொருந்தும். புகை, புற்றுநோய், உலோகம் இவற்றுக்கெல்லாம் கண்டறிதல்தான். 'எஸ்கேப்டு டிடெக்‌ஷன்' என்று வந்தால் 'யார் கண்ணிலும் படாமல் தப்பியது' என்று எழுதுங்கள், போதும்.

அப்புறம், இந்தச் சொல்லின் எதிர்மறைதான் முக்கியம். நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். 2021-ல் கொரோனா ரிப்போர்ட் வாங்க ஒரு பெரியவர் வந்தார். தாளில் 'நாட் டிடெக்டட்' என்று இருந்தது. "தம்பி, என்ன போட்டிருக்கு?" என்றார். "உங்களுக்குக் கொரோனா இல்லை ஐயா" என்றேன். பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமா என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

அது தவறு. தொற்றின் முதல் ஓரிரு நாளில் சாம்பிள் எடுத்தாலோ, மூக்கில் குச்சி சரியாகப் படாமல் போனாலோ, வைரஸ் உடம்பில் இருந்தும் சோதனையில் சிக்காது. எந்தச் சோதனைக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு; அதற்குக் கீழே இருப்பது அதன் கண்ணில் படாது. அதனால்தான் தாளில் 'இல்லை' என்று அச்சிடாமல் 'கண்டறியப்படவில்லை' என்று அச்சிடுகிறார்கள். நான் அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, காய்ச்சலோடு அவர் மறுபடி வந்தார். இந்த முறை 'டிடெக்டட்'. அவர் தேறிவிட்டார், பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "இந்தச் சாம்பிள்ல தென்படலை, ரெண்டு நாள் கழிச்சும் காய்ச்சல், இருமல் இருந்தா மறுபடி வாங்க" என்றுதான் சொல்கிறேன்.