மணிக்கட்டு வலிக்கு எந்தத் தோட்டா?

டெக்சஸில் இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லச் சிறிய கைத்துப்பாக்கி வாங்கவிருக்கும் தாங்கள், மணிக்கட்டு வலியால் தோட்டா அளவு .380-ஆ, 9 மி.மீ.-ஆ, .40-ஆ என்று தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். .40-ஐ விட்டுவிடுங்கள், எஃப்.பி.ஐ.யே அதைக் கைவிட்டு 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. உடல் தசையைப் போன்ற ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையில் அந்நிறுவனம் எதிர்பார்க்கும் 12 முதல் 18 அங்குல ஊடுருவலைத் தரமான 9 மி.மீ. தோட்டாக்கள் குட்டைக் குழலிலும் எட்டுகின்றன; .380-இலோ, முனை விரிந்தால் ஆழம் குறைவதும், ஆழம் கிடைத்தால் முனை விரியாமல் போவதும் அடிக்கடி நேர்வதுண்டு. ஆயினும் சுடும்போது கையில் விழும் பின்னுதைப்பு தோட்டாவை மட்டும் பொறுத்ததன்று: சட்டைப்பைக்குள் அடங்கும் மிக இலகுவான .380, சற்றுக் கனமான 9 மி.மீ.யைவிடக் கையைக் கடுமையாகவே அடிக்கும் (விற்பனையாளர்கள் இதைச் சொல்வது அரிது). தோட்டாவை ஏற்ற ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியை) பின்னிழுப்பதே வலித்தால், எளிதாக இழுக்கும்படி அமைக்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈ.இசட். .380-ஐயும் சேர்த்து, சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.