‘இரும்புக் குழாய் – 1’ என்று ஒரு பில்

கேள்வி: கல்லூரிப் போட்டிக்குக் கோ-கார்ட் (சின்னப் பந்தய வண்டி) கட்டுகிறோம். பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்கு 30 மி.மீ. கெட்டி ராடுதான் உறுதி என்கிறார் லேத் அண்ணன். 50 மி.மீ. குழாய் வாங்கலாமா?
– மாணவர், ஓமலூர்

பதில்: குழாயே வாங்குங்கள் தம்பி. 30 மி.மீ. கெட்டி ராடு மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ. 2 மி.மீ. சுவருள்ள 50 மி.மீ. குழாய் இரண்டரைக் கிலோகூட வராது. ஆனால் வளையாமல் நிற்பதில் ராடைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். குரோமியம், மாலிப்டினம் கலந்த 4130 ரகத்தில், மூட்டு இல்லாத குழாயாகக் கேளுங்கள். ஆக்சிலில் மாட்டும் பேரிங், ஹப், ஸ்ப்ராக்கெட் கேரியர் எல்லாமே 50-க்கு மாறும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எடை குறைய அலுமினியம், துருப்பிடிக்காமல் இருக்க நம்ம சேலம் இரும்பாலை எவர்சில்வர். ஆக்சிலுக்கு எது நல்லது?
– வாசகர், ஐந்து ரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். சர்வதேச கார்ட்டிங் விதிப்படி ஆக்சில் காந்தம் ஒட்டும் எஃகாக இருக்க வேண்டும்.

கேள்வி: ‘ஹார்டு அலாய்’ ஆக்சில் அதிக விறைப்பு என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: விறைப்புக்காக என்றால் கொடுக்காதீர்கள். எந்த எஃகானாலும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். அலாயும் பதப்படுத்தலும் தருவது வேறு: அடி வாங்கினால் நிரந்தரமாக வளையாமல் திரும்பி நிமிரும் பலம். விறைப்பு வேண்டுமென்றால் சுவரைக் கூட்டுங்கள், 50 மி.மீ. குழாயில் 2 மி.மீ. சுவர் 3 ஆனால் 40 சதவீதம் கூடும்.

கேள்வி: 4130 என்று சொல்லி விற்றார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே வளைந்துவிட்டது. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறதாம். பில்லில் ‘இரும்புக் குழாய் – 1’ என்று மட்டும் இருக்கிறது. என் மகன் சேர்த்து வைத்த பணம் அது.
– வாசகி, சூரமங்கலம்

பதில்: அம்மா, தவறு உங்கள் மகனுடையது இல்லை. இதே அடி நானும் வாங்கியிருக்கிறேன். என் அக்கா மகனின் வண்டிக்கு, முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்த ராடை ஈ.என்.19 என்ற அலாய் எஃகு என்று நம்பி வாங்கினேன். வளைந்த பிறகு ஒரு துண்டைக் கிரைண்டரில் வைத்தேன். பொறி நீளநீளமாகக் கோடு போட்டதே தவிர, பூவாகக் கிளைக்கவில்லை. வெறும் மைல்டு ஸ்டீல். பில்லைத் தேடினேன், அதில் ‘ராடு’ என்று ஒரே சொல்.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பில் விஷயத்தில் ஆறாத கோபம். அரிசி வாங்கினால் பொன்னியா, ஐ.ஆர்.எட்டா என்று எழுதுகிறோம். ஒரு பையனின் உயிரைத் தாங்கும் எஃகுக்கு ரகம் எழுத மாட்டார்களாம்! ரகம், விட்டம், சுவர்த் தடிமன், பதப்படுத்திய நிலை, ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்தது என்று ஆலை போடும் எண்) எல்லாம் பில்லில் ஏற வேண்டும். ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் குழாயில் உள்ள நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பாருங்கள். எழுத மறுத்தால் படி இறங்கிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: வளைந்த ஆக்சிலில் ஒரு துண்டை மட்டும் வெட்டி, எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ கருவி உள்ள லேபில் கொடுங்கள். கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கி போதாது, அது கார்பனைக் காட்டாது. மீதியைப் பத்திரமாக வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். அச்சடித்த அந்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். கடைக்கு எழுத்தில் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: வளைந்த ஆக்சிலைப் பிரஸ்ஸில் நிமிர்த்தி, கீவே (சாவிக்காக வெட்டிய காடி) பக்கம் இருந்த விரிசலுக்கு வெல்டு அடித்துவிட்டோம். பந்தயத்துக்கு முன் ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கலாமா?
– நண்பர்கள், கோரிமேடு

பதில்: 20 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ், உங்கள் ஆக்சிலில் விரிசல். இதைக் கேட்கவே கூடாது. கோ-கார்ட் ரோட்டில் இறங்கும் வண்டியே இல்லை. அந்த ஆக்சிலை இன்றே பழைய இரும்புக்குப் போடுங்கள். இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் பெயின்ட் அடித்து இன்னொரு பையனுக்கு விற்றுவிடுவார்கள்.