லெட்டர்பேடு கிளப்பும் மஞ்சள் பையும்: மாவட்டக் கால்பந்து சங்கம் பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் மாவட்டக் கால்பந்து சங்கங்கள் பலவும் படுத்துக் கிடக்கின்றன, எப்படி எழுப்புவது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு மாவட்டச் சங்கத்தில் முதலில் ரெஃப்ரி, பிறகு பொருளாளர். வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தில் 15 வருடமாக ஒரே தலைவர். அவரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா, அண்ணே? (கிளப் செயலாளர்)

ஆகாது தம்பி. தலைவரை விடுங்கள், ஓட்டுப் போடுவது யார் என்று முதலில் பாருங்கள். 2022 செப்டம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தலில் பாய்ச்சங் பூட்டியா நின்றார். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், நாடே அறிந்த ஆட்டக்காரர். அவருக்கு விழுந்தது 1 ஓட்டு. எதிரே நின்ற கல்யாண் சௌபேக்கு 33. கேலரியில் கைதட்டுகிறவனுக்கு ஓட்டு இல்லை, மாநிலச் சங்கப் பிரதிநிதிகளுக்குத்தான் ஓட்டு. மாவட்டத்திலும் இதே கணக்குதான், அங்கே ஓட்டு உறுப்பினர் கிளப்புகளுக்கு.

நான் பொறுப்பேற்ற வருடம் பொதுக்குழுவுக்கு வந்த கடிதங்களை மேசையில் பரப்பினேன். மூன்று கிளப், மூன்று லெட்டர்பேடு, ஒரே கையெழுத்து, ஒரே ஊதா மை. அந்த மூன்று ரப்பர் ஸ்டாம்பும் அலுவலக டிராயரில் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தன! மூன்றில் ஒரு கிளப்பின் மைதானத்தில் எப்போதோ கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். லெட்டர்பேடு கட்சி தெரியுமல்லவா? அதைப்போல லெட்டர்பேடு கிளப். லீக்கில் ஆட வராது, தேர்தலுக்கு மட்டும் தவறாமல் வரும்.

அதனால் நாங்கள் பைலாவில், அதாவது சங்க விதிகளில், ஒரே ஒரு திருத்தம்தான் முதலில் கொண்டுவந்தோம். கடந்த இரண்டு சீசனில் லீக் ஆடி முடித்த கிளப்புக்கு மட்டும் ஓட்டு. பாதியில் விலகினால், ஆட வராமல் எதிரணிக்கு வாக்ஓவர் கொடுத்தால் கிடையாது. அதை நிறைவேற்ற மூன்று பொதுக்குழு பிடித்தது. முதல் கூட்டத்தில் நாற்காலி பறந்தது, இரண்டாவதில் கோரம் இல்லை, கூட்டம் நடத்தத் தேவையான ஆள் வரவில்லை. மூன்றாவதில் நிறைவேறியதற்கு எங்கள் சாமர்த்தியம் காரணமில்லை, அன்று மழை. லெட்டர்பேடுக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை.

உறுப்பினர் பட்டியலையே காட்ட மாட்டேன் என்கிறார்கள். எங்கே கேட்பது?

பெரும்பாலான மாவட்டச் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் வருடா வருடம் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் ஃபார்ம் 7-இல் தெரிவிக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் ஆயுள் அதிகபட்சம் 3 ஆண்டு, மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். சங்க அலுவலகத்தில் சண்டை போடாதீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி நகல் எடுங்கள். பல சங்கங்களில் அங்கே கடைசியாகத் தாக்கலான தேதியைப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும்.

பதிவாளரிடம் புகார் கொடுத்தால் ஃபிஃபா தடை வரும் என்று மிரட்டுகிறார்கள். உண்மையா?

ஃபிஃபா என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனம். மாவட்டச் சங்கம் அதன் நேரடி உறுப்பு இல்லை. தேசியச் சம்மேளனம்தான் உறுப்பு. 2022-இல் இந்தியாவுக்குத் தடை வந்தது வேறு காரணத்தால். தேசியச் சம்மேளனத்தில் பிரஃபுல் படேல் தலைமையிலான நிர்வாகக் குழுவின் காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிவிட்டு மூவர் குழுவை நியமித்தது. இது மூன்றாம் தரப்புத் தலையீடு என்று ஆகஸ்டில் ஃபிஃபா தடை போட்டது. நீதிமன்றம் அந்த மூவர் குழுவைக் கலைத்த பிறகு, 11 நாளில் தடை நீங்கியது. அதற்குள் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிய கோகுலம் கேரளா கிளப்பின் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். தப்பு நிர்வாகத்தில், தண்டனை ஆட்டக்காரிக்கு. இலங்கையிலும் தடை விழுந்தது தேசியச் சம்மேளனத்துக்குத்தான், 2023 ஜனவரியில் தடைபட்டு ஆகஸ்டில்தான் மீண்டது.

உங்கள் விஷயம் உள்ளூர்ச் சங்கச் சட்டம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் 36-ஆவது பிரிவில் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கை எண்ணும்போது லெட்டர்பேடு கிளப்புகளும் கணக்கில் நிற்கும். மறுபடி முதல் கேள்விக்கே வருகிறோம், பார்த்தீர்களா?

ரெஃப்ரிகளுக்கு இரண்டு சீசனாகப் பாக்கி. சங்கத்தில் காசே இல்லை என்கிறார்கள். (ரெஃப்ரி)

இது என் சொந்தக் காயம், சார். பொருளாளரானதும் எனக்குக் கொடுத்த கணக்கு எது தெரியுமா? ஒரு மஞ்சள் பை. உள்ளே டீக்கடைத் துண்டுச் சீட்டு, பந்து வாங்கிய பில், ஒரு 40 பக்க நோட்டு. நோட்டில் பெரிய தொகை எல்லாம் ‘இதர செலவு’. ரெஃப்ரி பேட்டா ஒரு வரிகூட இல்லை. லீக் நுழைவுக் கட்டணத்திலேயே ரெஃப்ரி பணத்தைச் சேர்த்து வாங்கித் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த அன்றே அவரவர் வங்கிக் கணக்குக்கு. ரொக்கம் வேண்டவே வேண்டாம், கவரில் வைத்துக் கொடுப்பதும் வேண்டாம். செக்கில் செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

தலைவராக அரசியல்வாதி வேண்டாம் என்கிறேன். சரியா?

இருந்துவிட்டுப் போகட்டும். மைதான அனுமதிக்கு ஒரு போன் போட ஆள் வேண்டுமே. செக் புக் மட்டும் அவர் வீட்டில் இருக்கக் கூடாது.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கேட்டுப் போனால் பேப்பர் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அவர்கள் சொல்வது நியாயம். கம்பெனிச் சட்டத்தின் 7-ஆவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் பணம் வாங்கும் சங்கத்துக்கு வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவும் நன்கொடை வரிச்சலுகைக்கான அங்கீகாரமும் வேண்டும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி), பிறகு சிஎஸ்ஆர் பணம் பெறப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம். தணிக்கைக் கணக்கு இல்லாத சங்கத்துக்கு இதில் ஒன்றும் நகராது. ஸ்பான்சர் தேடுவதற்கு முன்னால் ஆடிட்டரைத் தேடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு லீக்கே இல்லை. பிள்ளைகள் ஆர்வமாக இருக்கிறார்கள். (உடற்கல்வி ஆசிரியை)

டீச்சர், இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தேசிய சீனியர் மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-இல் வாங்கியது, 2023-இல் மறுபடியும் வாங்கியது. மதுரைப் பக்கத்துச் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. அத்தனைக்குப் பிறகும் மாவட்டத்தில் லீக் இல்லை என்றால் அது சோம்பேறித்தனம்.

11 பேர் அணிக்காகக் காத்திருக்காதீர்கள். நான்கு பள்ளி, எழுவர் ஆட்டம், ஞாயிறு காலை ஆறரை மணி. வெயில் ஏறுமுன் இரண்டு ஆட்டம் முடியும். பட்ஜெட்டின் முதல் வரியில் கோப்பையை எழுத வேண்டாம், பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை என்று எழுதுங்கள். நாங்கள் முதல் வருடம் அதை மறந்தோம். இரண்டாவது வாரமே இரண்டு அணி வரவில்லை, காரணத்தையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது.

எங்கள் கிளப் இரண்டு வருடமாக ஆடவில்லை. ‘நீங்கள் இப்போது உறுப்பினரே இல்லை’ என்கிறார்கள்.

பைலா நகலை வாங்கி, நீக்கும் விதி எது என்று பாருங்கள். நோட்டீஸ் கொடுக்காமல் நீக்கியிருந்தால் ஸ்பீட் போஸ்ட்டில் ஆட்சேபம் அனுப்புங்கள். அதோடு வரும் சீசனுக்கு அணிப் பதிவுத் தொகையை டிடியாக எடுத்துச் செயலாளரிடம் நேரில் கொடுங்கள். வாங்க மறுத்தால் அதையும் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். முக்கியமாக, பையன்களை இந்த வாரமே பயிற்சிக்கு இறக்குங்கள். இல்லையென்றால் நாளைக்கு உங்களையும் நான் லெட்டர்பேடு கிளப் என்றுதான் சொல்வேன்.